நடாஷா ட்ரெத்தவேயின் கவிதைகள்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கக் கவிஞர் நடாஷா ட்ரெத்தவேயின் கவிதைகளைச் சில ஆண்டுகளாக ஒரு சிறு வாசகர் குழுவோடு சேர்ந்து படித்து வருகிறேன். புதிதாக வந்து சேரும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போவதால், கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பியே நிற்கின்றன.

இந்தக் கவிஞர் யார்? ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

நடாஷா ட்ரெத்தவே 1966 ஏப்ரல் 26 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் கடற்கரை நகரமான கல்ஃப்போர்ட்டில் பிறந்தவர். தாய் க்வெண்டொலின் ஆன் டர்ன்பா கறுப்பினத்தவர். தந்தை எரிக் ட்ரெத்தவே கனடாவிலிருந்து வந்த வெள்ளையர்; அவரும் கவிஞர். நடாஷாவின் முதல் தொகுப்பான 'டொமெஸ்டிக் வொர்க்' 2000இல் வெளிவந்தது. 2006இல் வந்த 'நேட்டிவ் கார்ட்' தொகுப்புக்கு 2007ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2012 முதல் 2014 வரை அவர் அமெரிக்காவின் அரசவைக் கவிஞராக இருந்தார். அப்பொறுப்பை ஏற்ற 19ஆவது கவிஞர் அவர்.

அவர் பிறந்த நாளுக்கு ஒரு பொருள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களை நினைவுகூரும் நாளாக ஏப்ரல் 26 தெற்கில் கொண்டாடப்பட்டு வந்தது. அந்நாள் முதன்முதலாக அனுசரிக்கப்பட்டது 1866இல். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து அதே நாளில், அதே மண்ணில், தன் பெற்றோரின் திருமணத்தையே ஏற்காத ஒரு மாநிலத்தில் தான் பிறந்ததை அவர் தற்செயலாக எடுத்துக்கொண்டதில்லை. யாரை நினைக்க வேண்டும், யாரை மறக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்ட நாளில் பிறந்த குழந்தை, வளர்ந்த பின் அந்த முடிவைத் தன் கவிதைகளில் கேள்விக்கு உட்படுத்தியது.

பெற்றோரின் திருமணமே சட்டவிரோதம் என்கிறார்களே, 1965இல் அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இருந்ததா?

இருந்தது. மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வெள்ளையர் ஒருவரும், எட்டில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கறுப்பின 'இரத்தம்' உள்ள ஒருவரும் மணந்துகொள்வதைத் தடை செய்தது. ஆகவே அவருடைய பெற்றோர் 1965இல் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்துக்குப் போய் மணந்துகொண்டு மிசிசிப்பிக்குத் திரும்பினார்கள். அப்படி வெளியே போய் மணந்துகொண்டு வருவதும் குற்றமாகவே கருதப்பட்டதால், ஒரே திருமணத்தில் அவர்கள் இரண்டு சட்டங்களை மீறினார்கள்.

இந்தத் தடைச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12 அன்று, லவ்விங் தம்பதியர் வர்ஜீனியா மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது 16 மாநிலங்களில் இத்தகைய சட்டம் நடப்பில் இருந்தது. நடாஷாவுக்கு அன்று ஒரு வயது. தீர்ப்போடு சட்டம் செயலிழந்தாலும், அந்த வாசகம் மிசிசிப்பியின் அரசியலமைப்புப் புத்தகத்தில் 1987 வரை அப்படியே அச்சில் இருந்தது. அதாவது, அவர் கல்லூரி மாணவியாகும் வரை அவருடைய பிறப்பை மறுக்கும் வாக்கியம் ஒன்று சொந்த மாநிலத்தின் அடிப்படை ஆவணத்தில் அழிக்கப்படாமல் கிடந்தது. எழுதப்பட்ட சொல்லின் மீது அவருக்கு இருக்கும் ஓயாத விழிப்பை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

அப்பா வெள்ளையர், அம்மா கறுப்பர் என்றால் பாதிக்குப் பாதிதானே? பிறகு ஏன் கறுப்பினக் கவிஞர் என்றே எழுதுகிறார்கள்?

அமெரிக்க இன வரையறையில் 'பாதி' என்ற நிலைக்கு நெடுங்காலம் இடம் இருந்ததில்லை. முன்னோரில் ஒருவர் கறுப்பராக இருந்தாலும் வாரிசு கறுப்பரே என்ற 'ஒரு துளி' விதி சமூக வழக்கமாகவும், வர்ஜீனியாவில் 1924 முதல் சட்டமாகவும் நிலைத்தது. இதன் வேர் அடிமை முறையில் இருக்கிறது. அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும் என்ற விதியால், வெள்ளை முதலாளியின் சொந்தப் பிள்ளையே அவனுடைய உடைமைப் பட்டியலில் சேர்ந்தது. இரத்தக் கணக்கு என்ற பெயரில் நடந்தது சொத்துக் கணக்குதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இந்த வரையறை எவ்வளவு நிலையற்றது என்பது தெரியும். கறுப்பர், வெள்ளையர் இரு வழியிலும் வந்தவர்களுக்காக 1850இல் 'முலாட்டோ' என்ற பிரிவு புகுத்தப்பட்டது. 1890இல் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்றெல்லாம் பிரித்துக் கேட்டார்கள். 1930க்குள் அவை அனைத்தும் நீக்கப்பட்டு எல்லோரும் 'நீக்ரோ' ஆக்கப்பட்டார்கள். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைத் தனக்குரியவை என்று குறிக்கலாம் என்ற உரிமை 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் வந்தது. ட்ரெத்தவே தன்னைக் கறுப்பினப் பெண்ணாகவும் இரு இனப் பெற்றோரின் மகளாகவும் ஒருசேரக் காண்கிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வாசகர் கேட்பது, கணக்கெடுப்பு அலுவலர் முன்பு கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதாகும்.

'கலப்பினம்' என்று தமிழில் எழுதலாமா? மாட்டுக்குச் சொல்வதுபோல இருக்கிறதே.

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். தமிழில் 'கலப்பினம்' என்றவுடன் கறவை மாடும் வீரிய விதையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருந்த சொற்கள் இதைவிட மேலானவையாக இல்லை. 'முலாட்டோ' என்ற சொல் கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். இனக்கலப்பைக் குறிக்கும் 'மிசெஜனேஷன்' என்ற சொல்லை, 1863இன் இறுதியில் நியூயார்க்கில் வெளிவந்த பெயரில்லாத் துண்டு நூல் ஒன்று உருவாக்கியது. லிங்கனின் கட்சி இனக்கலப்பைப் பரப்ப விரும்புகிறது என்று வாக்காளர்களை அச்சுறுத்துவதற்காக எதிர்த் தரப்புப் பத்திரிகையாளர்கள் இருவர் அதை எழுதியிருந்தார்கள். லத்தீன் வேர்களை ஒட்டி அறிவியல் சொல்போலத் தோன்றச் செய்த அந்த மோசடிச் சொல், பிறகு நூறு ஆண்டுகள் சட்டப் புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது. ட்ரெத்தவே தன் பெற்றோரின் திருமணம் பற்றிய கவிதைக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார்.

நான் 'இரு இனப் பெற்றோருக்குப் பிறந்தவர்' என்று நீட்டி எழுதுவதை விரும்புகிறேன். கவிஞர் அந்தப் புண்படுத்தும் சொல்லை வேண்டுமென்றே எடுத்தாளும் இடங்களில் மட்டும் அதன் கடுமையைக் குறைக்காமல் 'கலப்பினம்' என்றே வைக்கலாம். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: 'கலப்புத் திருமணம்' என்றால் தமிழ் வாசகர் சாதி மறுப்புத் திருமணம் என்று படித்துவிடுவார், அது வேறு வரலாறு.

பார்க்க வெள்ளையர் போலத்தானே இருக்கிறார், அப்படியே வாழ்ந்திருக்கலாமே?

வெளிர்ந்த தோலுடைய கறுப்பர்கள் வெள்ளையராக வாழ்ந்து கடந்துபோவது அமெரிக்க வரலாற்றில் நிறைய நடந்திருக்கிறது. அதன் விலை, தாயையும் உடன்பிறந்தாரையும் தெருவில் கண்டாலும் தெரியாதவர்போல நடப்பது. ட்ரெத்தவேயின் முதல் தொகுப்பில் இதைப் பற்றி ஒரு சிறு கவிதை இருக்கிறது. தன்னை வெள்ளைச் சிறுமி என்று பள்ளியில் சொல்லிக்கொண்ட மகளின் வாயைத் தாய் வெள்ளைச் சோப்பால் கழுவிவிடுகிறாள். பொய் சொன்ன வாயைச் சுத்தம் செய்வது தாயின் நோக்கம். சிறுமியோ, உள்ளே போனால் உள்ளிருந்தே வெளுக்கும் என்று நம்பி நுரையை விழுங்குகிறாள். குழுவில் இந்தக் கவிதையை வாசித்த பிறகு ஒருவரும் இந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை.

'நேட்டிவ் கார்ட்' என்ற படை உண்மையில் இருந்ததா, கவிஞரின் கற்பனையா?

உண்மையில் இருந்தது. 1862 செப்டம்பர் முதல் நியூ ஆர்லியன்ஸில், வட மாநில ஒன்றியப் படையின் கீழ் 'லூசியானா நேட்டிவ் கார்ட்ஸ்' என்ற பெயரில் மூன்று கறுப்பினப் படைப்பிரிவுகள் திரட்டப்பட்டன. ஒன்றியப் படையில் முறைப்படி சேர்க்கப்பட்ட தொடக்கக் கறுப்பினப் பிரிவுகளில் அவை அடங்கும். அவற்றில் சுதந்திரக் கறுப்பர்களும் இருந்தார்கள், அப்போதுதான் அடிமைத்தளையிலிருந்து வெளிவந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் மேஜராக இருந்த பிரான்சிஸ் டுமா இரு இன மரபில் வந்த செல்வர். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். அவர்களை விடுவித்துத் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்று கோடு கிழித்து இந்த வரலாற்றைப் படிக்க முடியாது என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

இரண்டாம் பிரிவு 1863 ஜனவரியில், கல்ஃப்போர்ட் கரைக்கு எதிரே கடலில் இருக்கும் ஷிப் தீவுக்கு அனுப்பப்பட்டது. மணலும் உப்புக் காற்றுமான அத்தீவின் மாசசூசெட்ஸ் கோட்டையில் தென் மாநிலப் போர்க் கைதிகளைக் காவல் காக்கும் பணி பின்னர் அவர்களுக்கு வந்தது. நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள், தங்களை அடிமைகளாக வைத்திருக்கப் போரிட்டவர்களுக்குக் காவலர்களானார்கள். 1863 ஏப்ரல் 9 அன்று பாஸ்ககூலா என்ற இடத்தில் அவர்கள் போரிட்டபோது, அவர்களுடைய தரப்புக் கப்பலிலிருந்து வந்த குண்டே அவர்களில் சிலரைக் கொன்றது. அதே ஆண்டு மே 27 அன்று போர்ட் ஹட்சன் தாக்குதலில் விழுந்த, முதல் பிரிவின் கேப்டன் ஆந்த்ரே கையூவின் உடல், ஜூலையில் அந்த அரண் சரணடையும் வரை எடுப்பாரின்றி வெயிலில் கிடந்தது.

ட்ரெத்தவே சிறுமியாக இருந்தபோது அந்தக் கோட்டையைப் பார்க்கப் படகில் போயிருக்கிறார். அங்கே தென் மாநிலக் கைதிகளின் பெயர்களைப் பொறித்த பலகை இருந்தது. காவல் காத்த கறுப்பின வீரர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. சுற்றிக் காட்டியவர்களும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுகல் மரபை அறிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய மறுப்பு என்று விளக்க வேண்டியதில்லை: ஊருக்காக விழுந்தவனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நடுவது என்ற குறைந்த அளவு மரியாதைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கவிதையில் பேசுகிற வீரர் உண்மையான ஆளா? இல்லையென்றால் அதை வரலாறு என்று எப்படிச் சொல்வது?

பேசுபவர் கற்பனைப் பாத்திரம். அடிமையாக இருந்து எழுத்தறிவு பெற்ற அவர், எழுதத் தெரியாத சக வீரர்களுக்கும் கைதிகளுக்கும் கடிதம் எழுதித் தருகிறார். அவருடைய நாட்குறிப்பு, தென் மாநிலத்தவர் ஒருவரின் வீட்டிலிருந்து எடுத்து வரப்பட்டது. அதன் பக்கங்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், இருந்த எழுத்தின் மேலேயே குறுக்காகத் தன் வரிகளை எழுதுகிறார். காகிதத் தட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில் ஒரே தாளில் நெடுக்கும் குறுக்குமாக எழுதும் வழக்கம் உண்டு. அதைக் கவிஞர் உருவகமாகப் புதிதாகச் செய்யவில்லை. வழக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார், அது தானாகவே உருவகமாகிவிட்டது. முதல் எழுத்து அழிவதில்லை, இரண்டாம் எழுத்து அதற்குக் கீழ்ப்படிவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

வரலாறு என்று சொல்லலாமா என்றால், ஆவணம் இல்லாத இடத்தில் ஆவணம் இருப்பதாகப் பொய் சொன்னால் அது தவறு. ட்ரெத்தவே அப்படிச் செய்யவில்லை. தேதிகளும் இடங்களும் நிகழ்ச்சிகளும் பதிவுகளிலிருந்து வந்தவை. குரல் மட்டும் அவர் தந்தது. எழுத்தறிவு குற்றமாக்கப்பட்ட ஒரு மக்களிடம் நாட்குறிப்பைத் தேடினால் கிடைக்காது என்பதைக் காரணம் காட்டி அவர்கள் பேசாமலே இருக்க வேண்டும் என்று கேட்பது, பறித்தவர்களுக்கே மறுபடியும் வெற்றியைத் தருவதாகும். இதில் என் நிலைப்பாடு உறுதியானது. ஆனால் குழுவில் இன்றுவரை இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். கற்பனைக் குரல் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் இறந்தவரின் மௌனத்தின் மேல் இன்னொருவர் எழுதுவதுதானே என்பது அவர்களின் வாதம். எழுத்தின் மேல் குறுக்காக எழுதும் உருவகம் அந்த வாதத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அம்மாவைப் பற்றிய கவிதைகளும் படைவீரர் கவிதைகளும் ஒரே நூலில் ஏன்? எனக்கு இரண்டு புத்தகம் போலத் தெரிகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பிரிந்த பிறகு நடாஷா தாயோடு அட்லாண்டாவுக்குப் போனார். தாய் மறுமணம் செய்துகொண்டார்; அந்தக் கணவனின் கொடுமை தாங்காமல் விலகி வந்த பிறகு, 1985 ஜூன் 5 அன்று அவனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தாய்க்கு வயது 40, மகளுக்கு 19. கொலை நடந்த வீடு, ஸ்டோன் மலைக்கு இட்டுச்செல்லும் மெமோரியல் டிரைவ் என்ற நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. தென் கூட்டமைப்பின் தலைவர்களான ஜெஃபர்சன் டேவிஸ், ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் மூவரையும் குதிரை மேல் காட்டும் மாபெரும் புடைப்புச் சிற்பம் அந்த மலையில்தான் இருக்கிறது. அது 1972இல் நிறைவு பெற்றது. 1915இல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபடி தொடங்கப்பட்டதும் அதே மலையில்தான்.

தோற்றவர்களுக்கு ஒரு மலையையே குடைந்து நினைவுச் சின்னம் செய்திருக்கிறார்கள். அந்த மலைக்குச் செல்லும் சாலையோரம் கொல்லப்பட்ட தன் தாயின் புதைகுழியில் நெடுங்காலமாகப் பெயர் பொறித்த கல்கூட இருக்கவில்லை. பெயரற்ற வீரர்களுக்காக எழுதத் தொடங்கிய பிறகுதான், தானும் ஒருவருக்குக் கல் நடாமல் விட்டிருப்பதைக் கவிஞர் உணர்ந்தார். ஆகவே இரண்டும் ஒரே புத்தகம்தான். 'நேட்டிவ் கார்ட்' என்ற பெயரையும் இப்போது திரும்பிப் பாருங்கள்: மண்ணின் மகள் தன் நினைவுகளுக்குக் காவல் நிற்கிறாள் என்றும் அது பொருள் தருகிறது. தாயின் கதையை முழு உரைநடையில் எழுத அவருக்கு மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நினைவுநூல், சாலையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2020இல் வெளிவந்தது.

மிசிசிப்பியில் பிறந்ததும் தாயை இழந்ததும் தன்னைக் கவிஞராக்கிய இரு காயங்கள் என்ற பொருளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துப் படிக்கும்போது கவிதை மெலிந்துவிடுகிறது.

ஏன் பழைய வடிவங்களிலேயே எழுதுகிறார்? வரிகள் திரும்பத் திரும்ப வருவது சலிப்பாக இருக்கிறது.

இவரை நான் விரும்பிப் படிப்பதற்கு முதல் காரணமே இந்த வடிவங்கள்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 'நேட்டிவ் கார்ட்' என்ற நெடுங்கவிதை, எதுகை இல்லாத பத்து சானட்டுகளால், அதாவது பதினான்கு வரிக் கவிதைகளால், ஆனது. ஒன்றின் கடைசி வரி அடுத்ததன் முதல் வரியாகச் சிறு மாற்றத்தோடு வருகிறது. இறுதி வரி தொடக்கத்துக்கே திரும்புகிறது. நமக்கு இது அந்நியமே இல்லை: இது அந்தாதி, முடிவில் மண்டலித்து நிற்கும் அந்தாதி. தாயின் மரணத்தைப் பற்றிய ஒரு கவிதை பாதிவரை போய், அதே வரிகளைப் பின்னிருந்து முன்னாக அடுக்கித் திரும்புகிறது. எழுத்தளவில் நாம் மாலைமாற்று என்று சொல்வதை அவர் வரியளவில் செய்கிறார். கனவில் தாய் உயிரோடு வருகிறார், விழித்தால் இல்லை. மறுபடி உறக்கம், மறுபடி விழிப்பு. அந்தத் துயரத்துக்கு வேறு எந்த வடிவம் பொருந்தும்?

கறுப்பரை அச்சுறுத்த வெள்ளை இனவெறியர்கள் பாட்டியின் வீட்டு வாசலில் சிலுவையை எரித்த சம்பவம் மலாய் மரபிலிருந்து வந்த பாந்தூம் வடிவில் இருக்கிறது. இதில் ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் வரிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் வரிகளாகின்றன. அந்தக் குடும்பம் ஆண்டுதோறும் அந்தக் கதையைத் திரும்பச் சொல்கிறது, சொல்லும்போது சற்றே அடக்கிக் கொண்டும் சொல்கிறது. வரிகள் திரும்புவது அந்தச் சொல்லலின் இயல்பே. அஞ்சி வாழ்ந்த குடும்பங்களில் ஒரே கதை எப்படி ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் மாறி மாறி வரும் என்பதை அறிந்தவர்களுக்கு இது சலிப்புத் தராது.

சலிப்பாகத் தோன்றினால், மௌனமாகப் படிக்காமல் உரக்கப் படித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். திரும்ப வரும் வரி முன்பு நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதற்குள் நமக்கு இன்னொன்று தெரிந்துவிட்டிருக்கிறது.

ஓவியம், புகைப்படம் என்று படங்களைப் பற்றியே இவ்வளவு கவிதை எதற்கு?

படம் யாரையோ பார்த்தவரின் பார்வையைச் சேமித்து வைக்கிறது. பார்க்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்பதை அது சொல்வதில்லை. 1912ஐ ஒட்டி நியூ ஆர்லியன்ஸின் பாலியல் தொழில் பகுதியான ஸ்டோரிவில்லில் பெல்லாக் என்பவர் எடுத்த பெண்களின் புகைப்படங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றிலிருந்து வெளிர்ந்த நிறமுள்ள ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவள் எழுதும் கடிதங்களாக 2002இல் ஒரு முழுத் தொகுப்பை ட்ரெத்தவே எழுதினார்.

2012இல் வந்த 'த்ரால்' தொகுப்பில் 18ஆம் நூற்றாண்டு மெக்சிக்கோவின் 'காஸ்டா' ஓவியங்கள் வருகின்றன. ஸ்பானியத் தந்தை, பூர்வகுடித் தாய், அவர்களின் குழந்தைக்கு இன்ன பெயர். ஸ்பானியத் தந்தை, கறுப்பினத் தாய், குழந்தைக்கு வேறொரு பெயர். இப்படிப் பெரும்பாலும் 16 படங்களில் குடும்பங்களை வகை பிரித்து, பெயரைப் படத்திலேயே எழுதிவைக்கும் ஓவியங்கள் அவை. 'காஸ்டா' என்ற இதே சொல்லைத்தான் போர்ச்சுக்கீசியர் நம் நாட்டின் சாதிக்கும் சூட்டினார்கள் என்பதை இங்கே நினைவூட்டிவிட்டு நகர்கிறேன். தந்தை, தாய், நடுவில் குழந்தை என்று நிற்கும் அந்தப் படங்களில் ட்ரெத்தவே தன் வீட்டையே காண்கிறார்.

கத்ரீனா புயலைப் பற்றியும் எழுதியிருக்கிறாரா?

ஆம். 2005இல் அந்தப் புயல் அவருடைய பிறந்த ஊர்க் கரையைச் சிதைத்தது. கரையோரக் கறுப்பினக் குடும்பங்களுக்கும் தன் சொந்தக் குடும்பத்துக்கும் அதன் பின் நேர்ந்ததை உரைநடையும் கவிதையுமாக 2010இல் ஒரு நூலாக்கினார். ஊரே போன பிறகு எதை மறுபடி கட்டுகிறார்கள், எதைக் கட்டாமல் விடுகிறார்கள் என்ற கேள்வி மேலே சொன்ன கோட்டைப் பலகையோடு நேரடியாகச் சேர்கிறது.

வெள்ளையரான தன் தந்தையைக் கவிதையில் குற்றம் சாட்டுகிறாரா, மன்னிக்கிறாரா?

இரண்டையும் விடக் கடினமான ஒன்றைச் செய்கிறார்: அவரை நேசித்துக்கொண்டே விசாரிக்கிறார். நீண்ட கார்ப் பயணங்களில் சிறுமியான மகளைக் கவிதை எழுதிப் பார்க்கச் சொன்னவரே அந்தத் தந்தைதான். மொழியைக் கொடுத்தவரிடமே, அந்த மொழி தன்னை எப்படிப் பெயரிட்டது என்று மகள் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நல்ல சான்று, அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் மாளிகையான மான்டிசெல்லோவுக்கு இருவரும் போவதைப் பற்றிய கவிதை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தார். அவர்களில் சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணுக்குப் பிறந்த குழந்தைகளின் தந்தை அவரே என்பதை 1998இல் வெளியான மரபணுச் சோதனையும் பிற சான்றுகளும் வலுவாக்கின. மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2000இல் அதை ஏற்றது. ஹெமிங்ஸே நான்கில் மூன்று பங்கு ஐரோப்பிய வழியில் வந்தவர். முன்னொரு முறை சென்றபோது ஜெஃபர்சனுக்காகச் சமாதானம் சொல்லிப் பார்த்த தந்தையோடு, ஆண்டுகள் கழித்து மகள் மறுபடி வருகிறாள். கடந்த காலத்துக்குள் நுழைவதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டி சொல்ல, அப்படியானால் நாம் இங்கே பிரிய வேண்டும், நீங்கள் முன்வாசலால் போங்கள், நான் பின்பக்கமாக வருகிறேன் என்ற பொருளில் மகள் தந்தையின் காதில் சொல்கிறாள். இருவரும் சிரிப்பதற்கான சொல் அது. அவர்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அதே வரலாறுதான். தந்தை உயிரோடு இருந்தபோதே அவருக்கு இரங்கற்பா ஒன்றையும் அதே தொகுப்பில் எழுதினார். தந்தை 2014இல் இறந்தார்.

அடையாளம், துயரம் என்று இதையே எழுதினால் கவிதை சுருங்கிவிடாதா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல வாசகர்கள். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. தன் ஊரையும் தன் குடும்பத்தையும் வாழ்நாள் முழுவதும் எழுதிய வெள்ளையினத் தென்னக எழுத்தாளர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவர்களுடைய ஊர் உலகமாகவும், இவருடைய ஊர் 'அடையாளமாகவும்' படிக்கப்படுகிறது. துயரத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்று எழுதுகிற கவிதைகள் இருக்கின்றன, அவை சுருங்கத்தான் செய்கின்றன. ட்ரெத்தவே கண்ணீரை நம்பி எழுதுபவர் இல்லை. வடிவங்களைப் பற்றிய கேள்விக்கு மேலே தந்த பதிலைப் பாருங்கள்: ஒவ்வொரு துயரத்துக்கும் அதைத் தாங்கக்கூடிய கட்டுமானத்தைத் தேடி, சொற்களை அடக்கி, பெரும்பாலும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்.

தமிழில் மொழிபெயர்க்க முயன்றேன்; அந்தக் கஸல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பெற்றோரின் திருமணம் பற்றிய கவிதையைத்தான் கேட்கிறீர்கள். கஸலின் மரபுப்படி ஒவ்வோர் ஈரடியும் ஒரே சொல்லில் முடிய வேண்டும், கடைசி ஈரடியில் கவிஞரின் பெயர் வர வேண்டும். இங்கே முடியும் சொல் 'மிசிசிப்பி'. ஆங்கிலத்தில் இடப்பெயர் வாக்கியத்தின் இறுதியில் இயல்பாக அமையும். தமிழில் வினை இறுதிக்கு வர விரும்புகிறது, இடப்பெயரோ வேற்றுமை உருபை ஏற்று 'மிசிசிப்பியில்', 'மிசிசிப்பிக்கு', 'மிசிசிப்பியை' என்று ஒவ்வோர் அடியிலும் உருமாறுகிறது. சொல் மாறினால் கஸல் உடைந்துவிடும். இன்னொரு இழப்பும் உண்டு. பெற்றோர் மணந்த சின்சினாட்டியின் முதல் அசையில் ஆங்கிலத்தில் 'பாவம்' என்ற சொல்லின் ஒலியும், மிசிசிப்பியின் முதல் அசையில் 'தவறு' என்பதைச் சுட்டும் முன்னொட்டும் கேட்பதைக் கவிஞர் பயன்படுத்துகிறார். அதைத் தமிழில் கொண்டுவர வழியில்லை, விட்டுவிடலாம்.

முடிவுச் சொல்லுக்கு எங்கள் குழுவில் மூன்று வழிகளை முயன்றோம். உருபில்லாமல் 'மிசிசிப்பி' என்று விளிபோல நிறுத்தியது செயற்கையாக ஒலித்தது. உருபுகளை மாற விட்டது பொருளைக் காத்தது, ஒலியைத் தொலைத்தது. மூன்றாவதாக ஒருவர், எல்லா ஈரடிகளையும் 'மிசிசிப்பியில்' என்றே முடித்து, அதற்கேற்ப வினைகளை முன்னே நகர்த்தினார். ஊரை விட்டுப் போகும் வரிகூட, போகும் முடிவை எடுத்தது அந்த மண்ணில் என்பதால், அதே உருபில் முடிந்தது. எங்கே போனாலும் 'இல்' என்று உள்ளேயே வந்து நிற்கும் அந்த வடிவத்தைத்தான் நாங்கள் வைத்துக்கொண்டோம். நடாஷா என்ற ரஷ்யப் பெயருக்குக் கிறிஸ்து பிறந்த நாளில் பிறந்தவள் என்று பொருள். தன் பெயர் வரும் கடைசி ஈரடியில் கவிஞர் அதைச் சொல்லி, மிசிசிப்பியிலும்கூட அதுதான் பொருள் என்று முடிக்கிறார். அந்த ஓர் இடத்தில் மட்டும் 'மிசிசிப்பியிலும்' என்று ஓர் உம்மையைச் சேர்க்க வேண்டியிருந்தது. கஸலின் விதியை அங்கே மீறிவிட்டோம்.